வலிய பள்ளியின் சிலுவைக் கல்
(தேவாலயங்களைத் தேடி – 4)

ஆலப்புழையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நாள் முழுக்க மழை. கேமரா பையை விட்டு வெளியே வரவில்லை. கோட்டயம் வந்த பிறகுதான் மனசு தெளிந்தது. ஆனால் ஸ்டேஷனிலிருந்து தாழத்தங்காடிக்கு ஆட்டோக்காரர் இருநூறு ரூபாய் வாங்கிவிட்டார். திரும்பும்போது வேறொருவர் அதே தூரத்துக்கு எண்பதுதான் கேட்டார். வெளியூர் ஆள் என்று தெரிந்ததும் கூலியை ஏற்றுவது எந்த ஊரில் நடந்தாலும் எனக்கு ஆறாது.

தாழத்தங்காடியில், மீனச்சில் ஆற்றை ஒட்டிய மேட்டில் நிற்கிறது வலிய பள்ளி. பள்ளி என்றால் இங்கே தேவாலயம். 1550-ல் க்னானாயக் கிறிஸ்தவர்கள் கட்டியது. செருப்பை வாசலில் விட்டுத்தான் உள்ளே போகவேண்டும். தரை அத்தனை சுத்தம், வெள்ளை வேட்டியோடு சம்மணம் போட்டு உட்காரலாம்.

நான் தேடி வந்தது பக்கப் பீடங்களில் இருக்கும் இரண்டு பாரசீகச் சிலுவைகளை. கேமராவை எடுத்ததும் கப்யார் வந்தார். கோயில் வேலைகளைப் பார்த்துக்கொள்பவரை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள், எழுபது வயதிருக்கும். “படம் எடுத்தோ, பிளாஷ் வேண்டா மோனே” என்றார். “வெளிச்சம் போதாதே சேட்டா” என்றேன். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ஒரு டார்ச்சோடு வந்தார். அதைக் கல்லுக்கு நேராகப் பிடிக்கவில்லை. சுவரோடு சுவராக, பக்கவாட்டில் பிடித்தார்.

அதுவரை மழுங்கலாகத் தெரிந்த கல்லில் ஒவ்வொரு கோட்டுக்கும் நிழல் விழுந்தது. சிலுவையின் கை நுனிகளில் மொட்டுகள். அடியிலிருந்து இருபுறமும் சுருண்டெழும் இலைகள். வளைவைச் சுற்றி வலமிருந்து இடமாக ஓடும் பஹ்லவி எழுத்துகள், உளி இறங்கிய ஆழம் வரை தெரிந்தன. நான் போதும் என்று சொல்லும்வரை அந்தப் பெரியவர் கையை ஆட்டவேயில்லை. பணம் நீட்டினேன், காணிக்கைப் பெட்டியைக் காட்டிவிட்டார்.

பஹ்லவி பழைய பாரசீகத்தின் எழுத்து. கடல் வழியாக வந்த வணிகர்களோடும் குருமாரோடும் இந்தக் கரைக்கு வந்தது. நம் சென்னைப் பரங்கிமலையிலும் இதே வகைச் சிலுவை இருக்கிறது. 1547-ல் போர்த்துகீசியர் அஸ்திவாரம் தோண்டியபோது கிடைத்தது. அதிலும் ஏறக்குறைய இதே வாசகம்தான். ஆய்வாளர் ஏ.சி. பர்னெல் 1873-ல் இந்தக் கல்வெட்டுகளைப் பற்றி எழுதினார். அதற்குப் பிறகு வந்தவர்கள் ஆளுக்கொரு விதமாகப் படித்திருக்கிறார்கள். சென்னையில் இருந்துகொண்டு பரங்கிமலை ஏறாதவர்கள் ஒருமுறை ஏறிப் பார்க்கவேண்டும்.

பக்கத்திலேயே செறிய பள்ளி, 1579-ல் எழுந்தது. பீடத்துச் சுவரில் பச்சிலைச் சாயத்தில் வரைந்த ஓவியங்கள் இன்னும் நிறம் மங்காமல் இருக்கின்றன. இப்படிக் காப்பாற்றுகிறவர்களைப் பார்க்கும்போதுதான், வழியில் பார்த்த வேறு சில பள்ளிகளை நினைத்து வயிறு எரிகிறது. பழைய மரவேலைப்பாட்டின் மேல் தங்க நிற எனாமல், கல்தரை மேல் வழவழப்பான டைல்ஸ், பீடத்தைச் சுற்றிச் சீரியல் பல்பு. பக்தியில் செய்கிறார்கள், தெரிகிறது. ஆனால் ஒருமுறை பெயிண்ட் அடித்தால் தச்சனின் உளித்தடம் போனது போனதுதான்.

மத்தியானம் கப்பையும் குடம்புளி போட்ட மீன்கறியும். காரம் கண்ணில் நீர் வரவழைத்தது; இரண்டாவது தட்டும் வாங்கினேன்.

அடுத்து கடுத்துருத்தி. அங்கே கருங்கல் சிலுவை வெட்டவெளியில் நிற்கிறது. டார்ச் வேண்டாம், மழை விட்டால் போதும்.