பிரேக்கை விட்டால்தான் சைக்கிள் நிற்கும்! - சுந்தரபாண்டியபுரத்தில் ஒரு நாள் ‘டவுன்ஹில்’ பாடம்

“கைய இறுக்காதீங்க தங்கச்சி... பிரேக்க கொஞ்சம் விடுங்க... விடுங்கன்னா விடுங்க!”

பின்னால் இருந்து அண்ணன் கத்துகிறார். எனக்குக் கேட்கிறது. கைக்குத்தான் கேட்கவில்லை. இரண்டு பிரேக்கையும் முழுசாக இறுக்கிப் பிடித்தேன். முன்சக்கரம் சரளைக் கல்லில் வழுக்கியது. அடுத்த நொடி நான் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம்.

சத்தம் கேட்டு, வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த பாட்டி நிமிர்ந்து பார்த்தார். “யே பிள்ள... ரோடு நல்லாத்தான கெடக்கு. பொறவு எதுக்கு இந்த முள்ளுக்குள்ள போயி உருளுத?”

நியாயமான கேள்வி. சென்னையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செய்தி தட்டிக்கொண்டிருந்த எனக்கு, சுந்தரபாண்டியபுரத்து சரிவில் என்ன வேலை?

சூரியகாந்தி ஊரில் சைக்கிள்

தென்காசிக்கு சீசன் கட்டுரை எழுதத்தான் போனேன். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவு கணவாய் வழியாக உள்ளே நுழையும். குற்றாலத்தில் அருவி கொட்டும். ஊரெல்லாம் சாரல் தூவும். அந்த நேரத்தில்தான் சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி பூக்கும். மஞ்சள் வயல், பின்னால் காற்றாலைகள், அதற்கும் பின்னால் மேகம் மூடிய மேற்குத்தொடர்ச்சி மலை. ‘ரோஜா’ படத்தில் பார்த்த ஊர் இது. ‘அந்நியன்’ பாட்டுக்காக வண்ணம் தீட்டிய பாறையைத் தேடி இன்றைக்கும் ஆட்கள் வருகிறார்கள்.

தெரிந்த அண்ணன் ஒருவர் அந்தப் பக்கம் மவுன்டன் பைக் ஓட்டுகிறவர். “செல்ஃபி எல்லாரும்தான் எடுக்காங்க. நீங்க சைக்கிள் ஓட்டிப் பாக்கீங்களா?” என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று இருந்தது.

போன வருடம் மழை நாளில், மேம்பாலத்தில் இருந்து இறங்கும்போது ஸ்கூட்டர் சறுக்கி வலது மணிக்கட்டு உடைந்தது. எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. பயம் கூடவே தங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஸ்கூட்டர் சாவியைத் தொடவே இல்லை. சரிவைப் பார்த்தாலே விரல்கள் தானாக மடங்கும்.

கிரீஸ் உருகிய கதை

மலையில் இருந்து சைக்கிளில் இறங்குவதை ஒரு விளையாட்டாக மாற்றியவர்கள் கலிபோர்னியா இளைஞர்கள். 1970-களில் மவுன்ட் டமால்பைஸ் பகுதியில் பழைய, கனமான சைக்கிள்களில் காட்டுப்பாதையில் இறங்கினார்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக்தான் அவற்றில் இருந்தது. இறங்கி முடிப்பதற்குள் அது சூடேறி, உள்ளே இருக்கும் கிரீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு முறையும் புதிதாக கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பாதைக்கு ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது. 1976 அக்டோபர் 21-ம் தேதி அங்கே முதல் பந்தயம் நடந்தது.

இன்றைக்கு டவுன்ஹில் பந்தய சைக்கிளில் முன்னும் பின்னும் 200 மில்லிமீட்டர் அளவுக்கு அமுங்கிக் கொடுக்கும் சஸ்பென்ஷன் இருக்கிறது. முகத்தை முழுசாக மூடும் ஹெல்மெட் கட்டாயம். மவுன்டன் பைக்கின் கிராஸ்கன்ட்ரி பிரிவு 1996 அட்லாண்டா முதல் ஒலிம்பிக்கில் உண்டு. டவுன்ஹில்லுக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.

ரொம்ப தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். நம் மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடியில், 2023 அக்டோபர் 26 முதல் 29 வரை 28-வது ஆசிய மவுன்டன் பைக் சாம்பியன்ஷிப் நடந்தது. டவுன்ஹில் போட்டியும் அதில் உண்டு. 22 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிற அந்த மலையில், வீரர்கள் சைக்கிளில் பறந்து இறங்கினார்கள்.

பாடம் ஒன்று: எழுந்து நில்

நான் பறக்கவில்லை. எனக்குக் கிடைத்தது முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள சாதாரண மவுன்டன் பைக். பாதையும் மலைப்பாதை அல்ல. மாட்டுவண்டியும் டிராக்டரும் போய்ப் போய் உண்டான செம்மண் தடம். நடுவில் சரளை, கடைசியில் முழங்கால் உயரத்தில் ஒரு பாறைப் படி. நடந்தால் இரண்டு நிமிடம்.

அண்ணன் முதலில் சீட்டை நன்றாக இறக்கினார். “இறக்கத்துல சீட்டு உக்கார இல்ல. நின்னுக்கிட்டுத்தான் போகணும்.”

இரண்டு பெடலும் தரைக்குச் சமமாக இருக்க வேண்டும். முழங்காலும் முழங்கையும் மடங்கி, ஸ்பிரிங் மாதிரி இருக்க வேண்டும். சரிவு கூடக் கூட இடுப்பு பின்னால் போக வேண்டும். குதிகாலைக் கீழே அழுத்த வேண்டும். உட்கார்ந்துகொண்டே போனால், சக்கரம் கல்லில் ஏறும்போது குதிரை உதறுவது போல நம்மை உதறிவிடும்.

பாடம் இரண்டு: ஒரு விரல் போதும்

நான் விழுந்தது இந்தப் பாடத்தில்தான். டிஸ்க் பிரேக்குக்கு ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு விரல் போதும். மற்ற விரல்கள் ஹேண்டில்பாரைப் பிடிக்க வேண்டும். இறங்கும்போது எடை முன்னால் போவதால், வேகத்தை அதிகம் குறைப்பது முன் பிரேக்தான். ஆனால் அதை வெடுக்கென்று பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரம் உருளாது, சறுக்கும். சறுக்கும் சக்கரத்தைத் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது.

அதாவது, பயத்தில் இறுக்கிப் பிடித்ததுதான் என்னைக் கீழே தள்ளியது. முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டும்போது மேம்பாலம் ஞாபகம் வந்தது. அன்றைக்கும் இதையேதான் செய்திருக்கிறேன்.

அண்ணனிடம் அப்போதுதான் மணிக்கட்டுக் கதையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. “மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல” என்றார். பிறகு சைக்கிளைச் சமதரைக்குக் கொண்டுபோய், அரை மணி நேரம் வெறும் பிரேக் மட்டும் பிடிக்க வைத்தார். மெதுவாகப் பிடி, விடு. மறுபடி பிடி, விடு.

பாடம் மூன்று: கல்லைப் பார்க்காதே

இரண்டாவது முயற்சியில் பாதியில் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன். ஒரு கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். சைக்கிளும் நேராக அந்தக் கல்லுக்கே போனது.

“எங்க பாக்கீங்களோ அங்கதான் போகும். கல்லப் பாக்காதீங்க, போகவேண்டிய வழியப் பாருங்க.”

மூன்றாவது முறை. சாரல் விட்டிருந்தது. எழுந்து நின்றேன். ஒரு விரல். பார்வை முன்னால், தூரத்தில் தெரிந்த பனைமரத்தில். சரளை வந்தது. சைக்கிள் ஆடியது, கை இறுகவில்லை. ஹேண்டில்பார் கொஞ்சம் துள்ளி, தானே நேராகிக்கொண்டது. மொத்தம் இருபது நொடி இருக்கும். வாழ்க்கையில் அவ்வளவு நீளமான இருபது நொடியை நான் பார்த்ததில்லை.

கடைசிப் பாறைப் படி மட்டும் பாக்கி. அங்கே நிறுத்தி, இறங்கி, நடந்தேன். “அது இன்னொரு நாள் பாடம்” என்று அண்ணனே சொல்லிவிட்டார். பாட்டி கேட்டது: “இவ்வளவுதானா?” இவ்வளவுதான் பாட்டி!

நீங்களும் போவதாக இருந்தால்...

* ஹெல்மெட், கையுறை, முழங்கால் கவசம் இல்லாமல் சரிவில் இறங்க வேண்டாம். தனியாகவும் வேண்டாம்.
* ஓட்டுவதற்கு முன்னால் பாதை முழுவதையும் ஒருமுறை நடந்து பாருங்கள்.
* சூரியகாந்தி வயல், விவசாயியின் பிழைப்பு. கேட்காமல் உள்ளே இறங்காதீர்கள். ஒடிந்த செடி மறுபடி பூக்காது.
* குற்றாலம் மலைப்பக்கம் வனத்துறைக் காடு. அனுமதி இல்லாமல் சைக்கிளோடு நுழையக் கூடாது.
* ஈரப் பாறையில் அனுபவசாலிக்கே சறுக்கும். சாரல் நேரத்தில் மண் தடம் போதும்.

மாலையில் செங்கோட்டை பக்கம் பார்டர் பரோட்டாவும் நாட்டுக்கோழிக் குழம்பும் சாப்பிட்டோம். பரோட்டாவைப் பிய்க்கும்போதுதான் தொடை எவ்வளவு வலிக்கிறது என்று தெரிந்தது. நாள் முழுக்க நின்றுகொண்டே இருந்த தொடை!

சென்னைக்கு வந்த மறுநாள் காலை, அலமாரியில் இருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். அம்மா சமையலறையில் இருந்து எட்டிப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. “மெதுவா போ” என்று மட்டும் சொன்னார்.

மேம்பாலத்தின் இறக்கம் வந்தது. ஒரு விரல். பார்வை தூரத்தில்.