கூடாரத்துடன் கிழக்கின் காடுகளுக்கு

எமது பெண்களின் பயணங்களைக் கணக்கெடுத்துப் பார்த்தால், அவற்றுள் பெரும்பாலானவை தேவையின் பொருட்டு மேற்கொள்ளப்பட்டவையாகவே இருக்கும். ஆஸ்பத்திரிக்கு, கச்சேரிக்கு, நீதிமன்றத்துக்கு, காணாமற் போனவரைத் தேடி முகாம் முகாமாக, வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கக் கொழும்புக்கு என்று நாம் நிறையவே அலைந்திருக்கிறோம். யுத்த காலத்தில் பிள்ளைகளையும் மூட்டை முடிச்சுகளையும் சுமந்து நடந்த தூரத்தை யாரும் அளந்து வைத்ததில்லை. ஆனால் ஓர் இடத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசைக்காக மட்டும் வீட்டை விட்டுப் புறப்பட்ட பெண்கள் எம்மிடையே மிகக் குறைவு. அப்படியொரு ஆசையை வெளியில் சொன்னால் இரண்டு கேள்விகள் உடனே வரும். காசு எங்கே? துணை யார்?

கடந்த ஆனி மாதத்தில் நானும் என் தோழி ஒருத்தியும் மட்டக்களப்பிலிருந்து புறப்பட்டு, கல்லோயா, லகுகலை, குமணை ஆகிய மூன்று தேசியப் பூங்காக்களை நான்கு நாட்களில் சுற்றிவந்தோம். வாகனம் அவளுடைய ஓட்டோ. தங்குமிடம் இரவல் வாங்கிய ஒரு சிறு கூடாரம்.

தோழியைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். வன்னியில் பிறந்தவள். 2009 இல் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் குடும்பத்தோடு அடைபட்டிருந்தவள். திருமணமாகி மட்டக்களப்புக்கு வந்து, கணவரை நோயில் இழந்தபின் ஓட்டோ ஓட்டி இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறாள். வீதிகளைப் பற்றி அவளுக்குப் பயமில்லை. "அக்கா, எங்கை எண்டாலும் ஓடுவன். கூடாரத்துக்குள்ளை படுக்கிறதைத்தான் யோசிக்கிறன்" என்றாள். அதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

அவளுடைய மாமி முதலில் சம்மதிக்கவில்லை. "ஆனை திரியிற காட்டுக்கு ரெண்டு பொம்புளையள் தனியப் போறயளா?" என்று இரண்டு நாள் முகங்கொடுத்துப் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள் காலையில் ஒரு போத்தல் நிறைய மாசிச் சம்பல் இடித்துக் கொண்டுவந்து ஓட்டோவின் பின்சீற்றில் வைத்தார். அரிசி, பருப்பு, கருவாடு, இரண்டு தேங்காய், மண்ணெண்ணெய் அடுப்பு, பாய், ரோச் லைற், தண்ணீர்க் கலன் எல்லாம் எங்களோடு ஏறிக்கொண்டன. கடைச் சாப்பாட்டைத் தவிர்த்தபடியால் பயணச் செலவில் பெரும்பகுதி மிச்சமாயிற்று.

கல்முனை வழியாக அம்பாறை சென்று, அங்கிருந்து இங்கினியாகலையை மத்தியானத்துக்கு முன் அடைந்தோம். கல்லோயாவை மறித்துக் கட்டப்பட்ட சேனநாயக்க சமுத்திரம் அங்கே கடல்போல் கிடக்கிறது. அந்த நீர்த்தேக்கத்தின் நீரேந்து காடுகளைப் பாதுகாப்பதற்காகவே 1954 இல் 25,900 ஹெக்டேயர் நிலப்பரப்பு கல்லோயா தேசியப் பூங்காவாக்கப்பட்டது. இங்கு படகில் ஏறித்தான் விலங்குகளைப் பார்க்க வேண்டும். நீரின் நடுவே சிறு சிறு தீவுகள். ஒரு தீவில் புல் முடிந்ததும் அடுத்த தீவுக்கு யானைகள் நீந்திப் போகும். நாங்கள் பார்த்தபோது தாயும் குட்டியும் நீந்தின. தாயின் முதுகு அமிழ்ந்திருந்தது. குட்டியின் தும்பிக்கை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது.

அழகான அந்த இடத்துக்குக் கசப்பான வரலாறும் உண்டு. சுதந்திர இலங்கையில் தமிழருக்கெதிரான முதலாவது பெரும் வன்முறை 1956 ஜூனில் இந்தக் கல்லோயாக் குடியேற்றப் பகுதியில்தான் நிகழ்ந்தது. அன்றிரவு நாங்கள் கூடாரம் அடித்தது அதே இங்கினியாகலையில், என் வேலை மூலம் பழக்கமான ஒரு சிங்கள அம்மாவின் வளவில். யானை வேலிக்கு வெளியே கச்சான் பயிரிட்டு இரவிரவாகக் காவல் இருக்கும் குடும்பம் அது. படகிலிருந்து நாம் ரசித்த யானை அவருக்கு ஒரு போகத்து உழைப்பை ஒரே இரவில் அழித்துவிடக்கூடிய ஒன்று. படுவான்கரையில் இருக்கும் எமது சகோதரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மொழி அரைகுறையாக இருந்தாலும் யானைக் கதை பேசுவதற்கு எங்களுக்கு அது போதுமாயிருந்தது.

தோழி அன்றிரவு கூடாரத்துக்குள் வரவில்லை. ஓட்டோவின் பின்சீற்றில் முடங்கிப் படுத்துக்கொண்டாள். நான் வற்புறுத்தவில்லை.

மறுநாள் சியம்பலாண்டுவ வழியாகப் பொத்துவில் நோக்கி ஏ4 வீதியில் ஓடினோம். இடையில் வருவதுதான் லகுகலை. 1980 இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இதன் பரப்பு 1,554 ஹெக்டேயர் மட்டுமே. நாட்டின் சிறிய பூங்காக்களில் ஒன்று. ஆனால் குளத்தில் செழித்து வளரும், சிங்களத்தில் 'பெரு' எனப்படும் உயரமான புல்லைத் தேடி வறண்ட மாதங்களில் யானைகள் கூட்டமாக வருகின்றன. பிரதான வீதியே காட்டினூடாகப் போவதால் ஒரு சதமும் செலவில்லாமல் அவற்றைக் காண முடிகிறது. எங்களுக்கு முன்னால் போன பஸ் நின்றது. ஒரு தனியன் வீதியின் நடுவில். தோழி ஓட்டோவை வெகு தூரத்திலேயே நிறுத்திவிட்டாள். ஏறத்தாழ முப்பது நிமிடம் காத்திருந்தோம். பஸ்ஸிலிருந்த எவரும் ஹோர்ண் அடிக்கவில்லை, சத்தமிடவில்லை. யானை தானாகக் காட்டுக்குள் இறங்கியபின்தான் வாகனங்கள் நகர்ந்தன. இந்த வீதியில் பொழுதுபட்டபின் ஓட்டோவிலோ மோட்டார் சைக்கிளிலோ போவது உயிராபத்து. பகலிலேயே கடந்துவிட வேண்டும்.

இரண்டாம் இரவைப் பொத்துவிலில் கழித்துவிட்டு மறுநாள் குமணைக்குச் சென்றோம். பூங்காவுக்குள் ஓட்டோவுக்கு அனுமதியில்லை. ஜீப் அவசியம். பயணத்தின் ஆகப் பெரிய செலவும் அதுதான். பொத்துவில் பெண்கள் சங்கத்தைச் சேர்ந்த தமிழ், முஸ்லிம் சகோதரிகள் மூவர் எங்களோடு சேர்ந்துகொண்டதால் வாடகையையும், முன்கூட்டியே பதிவுசெய்திருந்த முகாமிடக் கட்டணத்தையும் ஐந்தாகப் பங்கிட்டோம். உள்நாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கானதைவிட மிகவும் குறைவு. அடையாள அட்டையை மறவாமல் கொண்டுபோக வேண்டும்.

பாணமையில் ஓட்டோவை ஒரு வீட்டில் விட்டோம். பாணமை சிங்களமும் தமிழும் கலந்த குடும்பங்கள் வாழ்ந்துவரும் ஊர். எமது கண்ணகி அம்மனை அவர்கள் பத்தினித் தெய்வம் என்கிறார்கள். எமது கொம்புமுறி விளையாட்டைப் போன்று அவர்களிடமும் 'அங்கெலிய' உண்டு. அங்கிருந்து உகந்தை. முருகன் கோயிலுக்கு அருகில்தான் பூங்காவின் வாசல்.

குமணை முன்னர் யால கிழக்கு என அழைக்கப்பட்டது. 2006 இலேயே இப்பெயர் மாற்றப்பட்டது. யுத்தம் காரணமாக 1985 முதல் 2003 வரை பூங்கா மூடப்பட்டிருந்தது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலையும் இக்கரையைத் தாக்கியது. இத்தனைக்கும் பின்னர் குமணை வில்லுவின் கண்டல் மரங்களில் பறவைகள் கூடு கட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. கூழைக்கடா, கரண்டிவாயன், மஞ்சள் மூக்கு நாரை என்று மரம் தெரியாத அளவுக்குப் பறவைகள். சித்திரை தொடக்கம் ஆடி வரை அவை குஞ்சு பொரிக்கும் காலம். வில்லுவின் ஓரத்தில் ஒரு காலத்தில் மக்களும் வாழ்ந்தார்கள். அக்கிராமம் கைவிடப்பட்டுவிட்டது. பறவைகள் திரும்பிய அளவுக்கு மனிதர்கள் திரும்பவில்லையே என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

கும்புக்கன் ஓயாவை எமது ஆட்கள் குமுக்கன் ஆறு என்பார்கள். அதன் கரையில் பெரிய மருதமரங்களின் கீழ் கூடாரம் அடித்தோம். முதலைகள் இருப்பதால் எங்கே தண்ணீர் அள்ளலாம், எங்கே இறங்கக்கூடாது என்று வழிகாட்டியாக வந்த வனசீவராசிகள் உத்தியோகத்தர் காட்டித் தந்தார். சோறும் பருப்பும் சமைத்து, கருவாடு பொரித்து, மாமியின் சம்பலோடு சாப்பிட்டோம்.

அப்போது பொத்துவில் சகோதரி ஒருவர் தன் அம்மம்மாவைப் பற்றிச் சொன்னார். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும்போது இதே ஆற்றங்கரையில், தலையில் சுமந்துவந்த அரிசியைப் பொங்கி, மரத்தடியில் சேலையை விரித்துப் படுத்து எழும்பி நடந்தவராம். இன்றும் ஆண்டுதோறும் யாத்திரைக் காலத்தில் உகந்தை வாசல் திறக்கப்பட, வடக்கு, கிழக்குப் பெண்கள் ஆயிரக்கணக்கில் குமணையையும் யாலவையும் நடந்தே கடக்கிறார்கள். குறைந்த செலவில் காட்டில் தங்கிப் பயணம் செய்வதை வெள்ளைக்காரருடைய பழக்கம் என்று நாம் எண்ணுகிறோம். எமது பாட்டிமார் அதனை எப்போதோ செய்து முடித்துவிட்டார்கள். நேர்த்தி என்ற சொல் இருந்தால் அனுமதி கிடைக்கிறது. ஆசை என்று சொன்னால் கிடைப்பதில்லை. பெண்களின் நடமாட்டம் எந்தக் காரணத்துக்காக ஏற்கப்படுகிறது, எதற்காக மறுக்கப்படுகிறது என்பதைச் சமூகவியல் மாணவியாகப் படித்திருந்தேன். அதனைத் தெளிவாக விளங்கிக்கொண்டது அந்த ஆற்றங்கரையில்தான்.

அன்றிரவு தோழி கூடாரத்துக்குள் வந்து என்னருகில் படுத்தாள். வெகு நேரம் உறங்கவில்லை. மெனிக்பாமில் மத்தியான வெக்கையில் கூடாரத்துக்குள் இருக்கவும் முடியாது, வெளியில் நிழலும் இருக்காது என்று சொன்னாள். குழாயடியில் விடிய மூன்று மணிக்கே வாளி வைத்துக் காத்திருந்ததைச் சொன்னாள். பிறகு, "அக்கா, அங்கை வெளியிலை போறதுக்குப் பாஸ் கேட்டனாங்கள். இஞ்சை உள்ளுக்கு வாறதுக்கு நாங்களே காசு கட்டி பாஸ் எடுத்திருக்கிறம்" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்துச் சிறிது அழுதாள். விடியும்போது கூடாரத்தின் வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடி தேநீர் குடித்தாள்.

ஒரு பயணத்தால் மனக்காயம் ஆறிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. காடு என்றாலே பதுங்கியதும் பசித்ததும் நினைவுக்கு வரும் சகோதரிகள் பலர் எம்மிடையே உள்ளனர். அவர்களை எவரும் வற்புறுத்தக்கூடாது. போக விரும்புபவர்களுக்குச் சில விடயங்கள்: பூங்காவுக்குள் தங்குவதாயின் வனசீவராசிகள் திணைக்களத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். ஜீப் செலவைப் பங்கிட ஐந்தாறு பேராகச் சேருங்கள். கழிப்பறை வசதி உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். மாதவிடாய்த் துணிகளையும் குப்பைகளையும் காட்டில் போடாமல் ஒரு பையில் திருப்பிக் கொண்டு வாருங்கள். அனுமதிக்கப்பட்ட இடத்தில் அன்றி ஜீப்பை விட்டு இறங்க வேண்டாம். போகும் வழியை வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.

வடக்கிலுள்ள சகோதரிகளுக்கும் தொலைவில்லை. 2015 இல் சுண்டிக்குளம், மடு வீதி, நெடுந்தீவு ஆகியனவும் தேசியப் பூங்காக்களாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. அவற்றின் எல்லைகளுக்குள் எமது மீன்பிடியும் விறகும் மேய்ச்சல் தரையும் எவ்வாறு அமைகின்றன என்பதை அறிவதற்காகவேனும் நாம் அவ்விடங்களைச் சென்று பார்க்க வேண்டும்.

கோமாரி, திருக்கோவில், அக்கரைப்பற்று வழியாக நான்காம் நாள் மாலை வீடு வந்து சேர்ந்தோம். வருகிற ஆண்டு லகுகலைக்குப் போவதற்காகத் தோழியின் தெருவில் நான்கு பெண்கள் வாராவாரம் சிறு தொகை சேர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். மாமியும் அதில் ஒருவர்.