பஞ்சகல்யாணி

மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஒருவர் குதிரைப் பந்தயத்தைப் பற்றி எழுதப் புகுந்தால் வாசக அன்பர்கள் புருவத்தை உயர்த்துவது இயல்பே. ஆயினும் நாம் வாழ்நாளில் ஒரே ஒரு முறை பந்தய மைதானத்துக்குள் கால் வைத்தோம். அன்று நடந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் இப்போது இல்லை.

எமது ஊர் கோவையிலிருந்து பொள்ளாச்சி செல்லும் சாலையில் உள்ள கிணத்துக்கடவு. தாய்மாமன் அங்கே ஜட்கா வண்டி வைத்திருந்தார். பேருந்துகள் பெருகி ஜட்காக்கள் ஒவ்வொன்றாக மறைந்த பிறகும் அவர் குதிரையை விற்கவில்லை. வருமானம் தராத ஒரு வாய்க்குக் கொள்ளும் புல்லும் எதற்கு என்று மாமி கேட்பார். "நாம ராவுத்தருங்க. குதிரையை வித்துட்டுப் பேரை மட்டும் வச்சுக்கிட்டா நல்லாவா இருக்கும்?" என்பது மாமுவின் மறுமொழி. அந்தப் பெயர் குதிரைவீரரையும் குதிரை வணிகரையும் குறித்து வந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. மாமு அறிஞர் எவரையும் படித்தவரல்லர். தம் தகப்பனார் சொன்னதைத் திருப்பிச் சொன்னார், அவ்வளவே.

குதிரை கடல் வழியே தமிழகம் வந்த செய்தி சங்க நூலான பட்டினப்பாலையிலேயே இருக்கிறது. பிற்காலப் பாண்டியர் காலத்தில் அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் இறக்குமதியாயின. மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதைக் கண்டு எழுதினார். வந்த குதிரைகளைப் பேணத் தெரியாமையால் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் மடிந்து போயின என்றும் குறித்தார். மாமுவிடம் ஒருமுறை இதைச் சொன்னோம். தம் வீட்டில் ஒரு மரணம் நேர்ந்ததுபோல் அவர் சற்று நேரம் பேசாதிருந்தார்.

இத்தகைய மனிதருக்கு ஒரு குறை இருந்தது. மே மாதம் பிறந்துவிட்டால் அவர் கால் வீட்டில் தரிக்காது. கோடைப் பந்தயத்துக்கு உதகைக்குப் போயே தீர வேண்டும். ஏப்ரல் நடுவில் தொடங்கி ஜூன் வரை அங்கே பந்தயக் காலம். அவ்வமயம் சமவெளியிலிருந்து குதிரைகளை மலைக்கு ஏற்றிச் செல்வார்கள். நீலகிரி டெர்பி, நீலகிரித் தங்கக் கோப்பை என்ற பெயர்கள் மாமு வாயில் பெருநாட்களின் பெயர்களைப்போல் புழங்கும். போகும்போது பையில் இருக்கும் பணம் வரும்போது இருந்ததில்லை. எம் தாயார் தம்பிக்காக அழாத மே மாதமே இல்லை.

1994ஆம் ஆண்டு மே மாதம் பக்ரீதுக்குச் சில நாட்களே இருந்தன. நாம் ஸனது பெற்று வெளியே வந்து ஓர் ஆண்டு ஆகியிருந்தது. வயது இருபத்து நான்கு. ஒரு சிற்றூரில் ஓதிக்கொடுத்து முதல் சம்பளப் பணத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்தோம். ஒரு ஞாயிறு அதிகாலை தாயார் எம்மை எழுப்பினார்.

"உங்க மாமு குர்பானி ஆட்டுக்கு வச்சிருந்த பணத்தை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டான். நீ கூடவே போ. ஓதின புள்ளை பக்கத்துல இருந்தா கையை நீட்ட வெக்கப்படுவான்."

மாமுவைப் பேருந்து நிறுத்தத்தில் பிடித்தோம். அவர் கோபிக்கவில்லை. "வாங்க ஹஜ்ரத், குதிரையைக் கிதாபிலேயே பார்த்தது போதும்" என்று சிரித்தார். அது குத்தல்தான். ஆனால் உண்மை. ஹதீஸ் நூல்களில் பந்தயக் குதிரைகளைப் பற்றிய பாடங்களை நாம் ஓதியிருந்தோம். ஓடும் குதிரை ஒன்றையும் கண்டதில்லை. கொங்கு நாட்டில் நாம் பார்த்த பந்தயமெல்லாம் காளைகள் ஓடும் ரேக்ளாதான்.

கோவை, மேட்டுப்பாளையம், பர்லியாறு, குன்னூர் என்று மலை ஏறி உதகையில் இறங்கியபோது உச்சிப் பொழுது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே, மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் கிடந்தது மைதானம். நடுவே பச்சைப் புல், சுற்றிலும் வெண்ணிற வேலி. கோடை வாசத்துக்கு வந்த சீமான்களும் பூவும் காய்கறியும் விற்போரும் ஒரே வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றனர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு ரேஸ் புத்தகம். எம் மாணவர் எவரும் கிதாபை அத்தனை ஊன்றிப் படித்து நாம் கண்டதில்லை. குதிரையின் தந்தை, தாய், வயது, சென்ற ஓட்டங்கள், சுமக்கும் எடை, ஜாக்கி, பயிற்சியாளர் எல்லாம் அதில் அச்சாகியிருந்தன. குதிரை எந்த மாதம் பிறந்தாலும் ஜனவரி 1-இல் அதற்கு ஒரு வயது கூடிவிடுமாம். இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் மாமு. ஆங்கிலம் அறியாத அவர் அந்தப் புத்தகத்தை எப்படிப் படித்தார் என்பது எமக்கு இன்றும் விளங்கவில்லை.

எடை விஷயம் எம்மை மிகவும் கவர்ந்தது. வலிய குதிரைக்கு அதிக எடையும் எளிய குதிரைக்குக் குறைந்த எடையும் வைத்து எல்லாவற்றுக்கும் வெற்றி வாய்ப்பைச் சமமாக்க முயல்கிறார்கள். ஜாக்கி சேணத்தோடு தராசில் ஏறி நிற்கிறார். எடை போதாவிட்டால் ஈயத் தகடு சேர்க்கிறார்கள். ஓடி முடித்த பிறகும் நிறுத்துப் பார்க்கிறார்கள். பணம் கட்டுகிறவனின் குடும்ப பாரத்தை நிறுக்க மட்டும் அங்கே தராசு கிடையாது.

ஓட்டத்துக்கு முன்னர் குதிரைகளை ஒரு வட்டத்தில் நடத்திக் காட்டும் இடத்துக்கு மாமு எம்மை அழைத்துச் சென்றார். மலைக் குளிருக்காகச் சிலவற்றின்மேல் கம்பளி போர்த்தியிருந்தது. எமக்கு உடனே 'தழ்மீர்' என்ற சொல் நினைவுக்கு வந்தது. குதிரையை முதலில் கொழுக்க ஊட்டி, பின்னர் தீனியைக் குறைத்து, போர்வை போர்த்தி வியர்க்கவைத்து உடலை இறுக்கும் முறைக்கு அரபியில் அந்தப் பெயர். அவ்வாறு பக்குவப்படுத்திய குதிரைகளை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரையும், பக்குவப்படுத்தாதவற்றை அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையும் ஓடச் செய்தார்கள். இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் குதிரை ஓட்டினார்கள். எளியதற்குச் சிறிய தொலைவு என்ற ஏற்பாடு அன்றே இருந்திருக்கிறது.

இன்னொன்றும் மனத்தில் ஓடியது. உலகெங்கும் ஓடும் பந்தயக் குதிரைகளின் ஆண்வழி, கிழக்கிலிருந்து இங்கிலாந்து சென்ற மூன்று பொலிகுதிரைகளில் முடிகிறது. அவற்றுள் ஒன்றான டார்லி அரேபியன் 1704-இல் ஹலபு நகரிலிருந்து போனது. எம் கண்முன் நடந்தவையும் அந்த வமிசத்தவையே. ஏதோ உறவினரைக் காண்பதுபோல் வேலியோரம் நின்றோம்.

அப்போதுதான் அது வந்தது. மேனி முழுதும் பழுத்த பேரீச்சையின் நிறம். பிடரியும் வாலும் கறுப்பு. அரபியில் 'குமைத்' என்பார்கள். நெற்றியில் வெள்ளைப் பட்டை, நான்கு கால்களின் அடியிலும் வெண்மை. கருங்குதிரைக் கூட்டத்தின் நடுவே நெற்றியும் கால்களும் வெளுத்த குதிரையை உடையவன் எளிதில் இனங்கண்டு கொள்வதுபோல, மறுமையில் ஒளுவின் ஒளியால் தம் உம்மத்தை அடையாளம் காண்பதாக நாயகம் (ஸல்) அவர்கள் உவமித்ததை எத்தனையோ முறை ஓதியிருந்தோம். அன்றுதான் அந்த உவமை எமக்குக் கண்ணால் புரிந்தது. உடம்பு சிலிர்த்தது.

எம்மை மறந்து கையை நீட்டினோம். "மாமு, அதைப் பாருங்கள்!"

மாமு பார்த்தார். "பஞ்சகல்யாணி" என்றார் மெதுவாக. நான்கு காலும் முகமும் வெளுத்த குதிரைக்கு எம் பக்கத்துக் குதிரைக்காரர்கள் வழங்கும் பெயர் அது. ராசியானது என்பார்கள். பிறகு எம் முகத்தையே உற்று நோக்கினார். "ஓதுனவங்க வாயில வந்துருச்சு" என்றவர், நாம் தடுக்குமுன் கூட்டத்துக்குள் மறைந்தார். திரும்பி வந்தபோது கையில் சீட்டு இருந்தது. ஆட்டுப் பணம் முழுவதையும் அதன் வெற்றிமீது கட்டிவிட்டிருந்தார்.

இந்த இடத்தில் நாம் உண்மையை மறைக்கலாகாது. திரும்பப் பெற வழி உண்டா என்று நாம் கேட்கவில்லை. ஹராம் என்று சொல்ல வாய் திறந்தோம், சொல் வரவில்லை. பந்தயத்தில் போட்டியிடுவோர் இருவருமே பணயம் வைத்தால் சூதாகும், ஆட்சியாளரோ வேறொருவரோ பரிசு தந்தால் ஆகுமானது, பணயம் வைக்காத மூன்றாவது குதிரை சம வாய்ப்போடு இடையே புகுந்தால் அது 'முஹல்லில்' என்ற சட்டங்களையெல்லாம் விரல்நுனியில் வைத்திருந்தவர் நாம். வேலிக்கு வெளியே நின்று பணம் கட்டுவது இவற்றில் எதிலும் சேராது என்பதும் தெரியும். தெரிந்தும், அந்தக் குதிரை வெல்ல வேண்டும் என்று உள்ளம் துடித்தது. உதடு துஆவுக்காக அசையாதபடி பல்லால் கடித்துக்கொண்டோம்.

கதவுகள் திறந்தன. முதலில் ஓசையே இல்லை. தூரத்தில் வண்ணப் புள்ளிகள் நகர்ந்தன. வளைவு திரும்பிய பிறகுதான் மண் அதிர்ந்தது. சூரத்துல் ஆதியாத்தில் மூச்சிரைக்க ஓடுபவற்றின்மீது இறைவன் இட்ட சத்தியம் என்ன என்பதைக் குளம்பொலியில் கேட்டோம். எமது குமைத் வெளிப்புறமாக ஏறி வந்தது. ஐந்தாவது, மூன்றாவது, பிறகு முன்னோடியின் பின்தொடைக்கு நேராக அதன் முகம். மாமு எம் தோளை இறுகப் பற்றினார். அப்படியே எல்லைக் கம்பத்தைக் கடந்தன.

இரண்டாவது.

அரபியர் ஓட்டத்தில் வரும் குதிரைகளுக்கு வரிசைப்படி பெயர் வைத்தனர். முதல்வன் 'முஜல்லீ', கடைசி 'ஸுகைத்'. முன்னதன் வாலடி எலும்பையொட்டித் தன் தலையை வைத்து ஓடிவரும் இரண்டாவதற்கு 'முஸல்லீ' என்று பெயர். தொழுகிறவனுக்கும் அதே சொல். தொழுகை என்னும் சொல்லே இதிலிருந்து பிறந்தது என்று கூறும் அகராதிக்காரர்களும் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. அந்த நிமிஷத்தில் இந்தச் சொல்லாராய்ச்சி எம் மண்டைக்குள் ஓடியதை நினைத்தால் இன்றும் வெட்கமாயிருக்கிறது. பக்கத்தில் மாமு சீட்டைச் சிறு சிறு துண்டாகக் கிழித்துக்கொண்டிருந்தார்.

அவர் எம்மைக் குறை சொல்லவில்லை. "நல்ல குதிரைதான். எடைதான் கூடிப்போச்சு" என்றார். மலையிலிருந்து மேகம் இறங்கித் தூறல் போட்டது. அஸர் நேரமாகியிருந்தது. மைதானத்தின் ஓரத்தில், யூகலிப்டஸ் மரத்தடியில் துண்டை விரித்து நாம் முன்னே நிற்க, மாமு பின்னே நின்றார். எத்தனை ரக்அத் ஆயிற்று என்று இடையில் எமக்கே ஐயம் வந்து, ஸஜ்தா ஸஹ்வு செய்து முடித்தோம்.

ஊர் திரும்பிய மறுநாள் எமது சம்பளச் சேமிப்பை மாமுவிடம் கொடுத்தோம். அவர் எண்ணாமல் வாங்கிக்கொண்டார். பக்ரீதன்று ஆடு அறுபட்டது. "நீ கூடப் போனதாலதான் பணம் மிஞ்சிச்சு" என்று தாயார் எம் தலையைத் தடவி அக்கம்பக்கத்தாரிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்தார். மாமு எம்மைப் பார்த்தார், நாம் தரையைப் பார்த்தோம்.

அடுத்த மே மாதமும் மாமு உதகைக்குப் போனார். நாம் உடன் செல்லவில்லை. குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழக அரசு 1974-இல் இயற்றிய சட்டம் தொடர்பான வழக்கில், 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அது திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று தீர்ப்பளித்தது. மாமு பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "பாத்தீங்களா ஹஜ்ரத், சூதாட்டம் இல்லையாம்!" "அப்படியானால் அன்று தோற்றது யாருடைய திறமை மாமு?" என்றோம். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். நாமும் சிரித்தோம். அந்த நாளைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டது அது ஒன்றுதான்.

தாயார் 2011-இல் காலமானார். மாமு அதற்குப் பின் ஐந்து ஆண்டுகள் இருந்தார். 2024 ஜூன் மாதத்தில், குத்தகைப் பாக்கி வழக்கைத் தொடர்ந்து உதகைப் பந்தய மைதானத்தின் நிலத்தை அரசு தன் வசம் எடுத்துக்கொண்டது. அவ்வாண்டு டிசம்பரில் ஒரு நிக்காஹுக்காக உதகை சென்றபோது மகனோடு அந்தப் பக்கம் நடந்தோம். குதிரையும் இல்லை, கூட்டமும் இல்லை. வேலியோரமாக நடந்து மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனோம்.

"என்ன அத்தா தேடுறீங்க?" என்றான் மகன்.

"முன்பு ஒருநாள் மாமுவும் நாமும் இங்கே அஸர் தொழுதோம்" என்றோம்.

எந்த மரம் என்பது தெரியவில்லை.