நிறுத்ததும் நிறுத்தினதும்

போகிக்கு அலமாரியை ஒதுக்கும்போது பழைய பிஸ்கட் டின் ஒன்று கையில் கனமாக வந்தது. திறந்தால் உள்ளே பதினோரு சின்ன டப்பாக்கள். ஒவ்வொன்றின் மேலும் என் கையெழுத்தில் ஒரு சீட்டு: 0.525, 0.526, 0.527 என்று 0.535 வரைக்கும். என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னுமா இதை வச்சிருக்கீங்க?" என்றாள். தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. சரி, இந்த வாரம் அந்தக் கதையை எழுதிவிடுவோம்.

என் மகள் வயிற்றுப் பேத்தி எட்டாம் வகுப்பில் ஏர் ரைபிள் சுடக் கற்றுக்கொண்டாள். அது 2018. பத்து மீட்டர் தூரம், நின்றபடி சுட வேண்டும். குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். இலக்கின் நடுப்புள்ளியோ அரை மில்லிமீட்டர்தான், அதாவது குண்டைவிடப் புள்ளி சிறியது! பெண்களுக்கு முன்பெல்லாம் 40 குண்டு, அந்த வருடத்திலிருந்துதான் ஆண்களைப் போல 60. ஒவ்வொரு குண்டுக்கும் அதிகபட்சம் 10.9, ஆக மொத்தம் 654. ஊருக்கு வெளியே இருந்த சுடுதளத்துக்கு அவளை டி.வி.எஸ். ஐம்பதில் வைத்துக் கூட்டிப்போவது என் வேலை. ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியாருக்கு வேறென்ன வேலை?

அவள் சுடும்போது நான் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பேன். சும்மா இருப்பவன் கைக்குத்தான் கெட்ட பழக்கம் வரும். அவளுடைய குண்டு டப்பாவைத் திறந்து பார்க்க ஆரம்பித்தேன். ஐந்நூறு ஈயக்குண்டுகள், இடுப்பு ஒடுங்கி, கீழே பாவாடை விரித்தாற்போல் இருக்கும். அந்தப் பாவாடை விளிம்பு ஏழெட்டுக் குண்டுகளில் நசுங்கியிருந்தது. அவற்றைப் பொறுக்கி எடுத்தேன். கோச் பார்த்துவிட்டு, "நல்ல காரியம் சார், அதெல்லாம் கண்ட இடத்துக்குப் போகும்" என்றார். அடுத்து, தலை விட்டம் 4.49, 4.50 என்று இரண்டு அளவில் வருகிறதே, இவள் குழலுக்கு எது பொருந்தும் என்று மணல் மூட்டைமேல் ரைபிளை வைத்துச் சுட்டுப் பார்த்தோம். 4.50 கொஞ்சம் நெருக்கமாகச் சேர்ந்தது. அவள் கணக்கு 598-லிருந்து 604-க்கு ஏறியது. (அவள் நன்றாகப் பழகியதால்தான் ஏறியது என்று இன்றைக்குச் சொல்வேன். அன்றைக்குச் சொல்லவில்லை.)

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

வெளிநாடுகளில் பெரிய ரைபிள் வைத்திருப்பவர்கள் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள். வெற்றுக் குப்பி, அடியில் தீப்பற்றும் மூடி, மருந்து, குண்டு எல்லாம் தனித்தனியாக வாங்கி, மருந்தைக் குருணை குருணையாக நிறுத்துப் போடுவார்கள். நம் ஊரில் நினைத்தவர் நினைத்தபடி அதைச் செய்ய முடியாது. ஏர் ரைபிளில் மருந்தே கிடையாது. ஆனால் அந்தப் பித்து மட்டும் கடல் தாண்டி வந்து என்னைப் பிடித்துக்கொண்டது. குண்டை நிறுத்துப் பார்த்தால் என்ன?

தெற்காவணி மூல வீதியில் தராசு வாங்கப் போனேன். முதலில் வாங்கியது சென்டிகிராம் தராசு. எந்தக் குண்டை வைத்தாலும் 0.53 என்றே காட்டியது. மீச்சிற்றளவு என்றால் என்ன என்று முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் இப்படி வாங்கலாமா? திரும்பப் போய் மில்லிகிராம் காட்டுகிற தராசு கேட்டேன். கடைக்காரர் பயபக்தியோடு, "தங்கமா சார், வைரமா?" என்றார். "ஈயம்" என்றேன். அவர் அதற்கப்புறம் பேசவில்லை.

மில்லிகிராம் தராசுக்கு மூச்சுக்காற்று கூட ஆகாது. ஃபேனை நிறுத்த வேண்டும், ஜன்னலைச் சாத்த வேண்டும். அது 2019 மே மாதம், மதுரை வெயில். பனியன் நனைந்து ஒட்ட, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு குண்டாக இடுக்கியில் எடுத்து வைப்பேன். கரண்ட் போனால் தெருவே திட்டும், நான் மட்டும் சந்தோஷமாகத் தராசை எடுப்பேன், அது பேட்டரியில் ஓடும். "சாப்பிடுற மேசையில ஈயத்தைப் பரப்பி வச்சிருக்கீங்களே, அது விஷமில்லையா?" என்று வீட்டுக்காரி சத்தம் போட்டாள். அதில் அவள் பக்கம்தான் நியாயம். மாடி அறைக்கு இடம் மாற்றினேன். அங்கே வெயில் இன்னும் அதிகம். ஒரு டப்பா பிரிக்க மூன்று மணி நேரம் ஆகும். பாப்பாவும் சில நாள் படிக்கட்டில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள்.

அந்த ஆகஸ்டில் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ரியோ உலகக் கோப்பையில் இதே ஏர் ரைபிளில் தங்கம் வாங்கினார். பேத்தி பேப்பரில் வந்த படத்தை வெட்டித் தன் மேசைமேல் ஒட்டினாள். நான் இன்னும் வேகமாக நிறுத்தேன்.

வருடக் கடைசியில் சென்னையில் ஒரு போட்டி. 0.530 டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு போனோம், அவசரத்துக்கு 0.529 ஒன்று. முதல் பத்து நன்றாகப் போனது. பதினாலாவது 8.9. அவள் ரைபிளை இறக்கிவிட்டு டப்பாவைப் பார்த்தாள். அடுத்தது 9.6. மறுபடியும் டப்பா. பிறகு மற்ற டப்பாவுக்கு மாறினாள், திரும்பப் பழையதுக்கே வந்தாள். ஒவ்வொரு குண்டையும் விரல் நுனியில் திருப்பித் திருப்பிப் பார்த்துப் போட்டாள். கடைசியில் நேரம் போதாமல் ஏழெட்டை அள்ளிவிட வேண்டியதாயிற்று. மொத்தம் 591.

வைகை எக்ஸ்பிரஸில் திரும்பி வந்தோம். திருச்சி வரைக்கும் அவள் பேசவில்லை. நான் மட்டும் விடாமல், அந்த லாட் சரியில்லை, 4.49-ஐயும் இன்னொரு தடவை பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். திண்டுக்கல் தாண்டி, கொடைரோடு வருகிற நேரம். ஜன்னல் பக்கம் முகத்தை வைத்தபடியே சொன்னாள்:

"தாத்தா, குண்டு நல்லாத்தான் இருக்கு. ஒவ்வொண்ணா கையில எடுக்கிறப்ப நீங்க ஃபேன் இல்லாம உக்காந்திருந்ததுதான் ஞாபகம் வருது. வீணாக்கிடக் கூடாதேன்னு பயமா இருக்கு."

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. மதுரை வந்ததும் இறங்கினோம். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகாவது விட்டேனா? இல்லை. அவளுக்குத் தெரியாமல் நிறுத்தால் போயிற்று என்று நினைத்தேன் பாருங்கள், அதுதான் மனுஷ புத்தி. கோச்சிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் மறுநாள் நாலு டப்பாவில் அ, ஆ, இ, ஈ என்று எழுதி என்னிடம் கொடுத்து, "எது உசத்தின்னு நீங்களே சுட்டுச் சொல்லுங்க சார்" என்றார். மணல் மூட்டைமேல் வைத்து, டப்பாவுக்கு ஐந்து ஐந்தாகச் சுட்டேன். துளைக்கூட்டங்களை வெர்னியரில் அளந்தேன். 'இ' முதலிடம், 'ஆ' கடைசி, வித்தியாசம் முக்கால் மில்லிமீட்டர் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் மறுபேச்சு பேசாமல், நாளைக்கும் ஒரு தடவை பாருங்கள் என்றார். மறுநாள் 'ஆ' முதலிடம்! 'இ' மூன்றாவது.

நாலும் ஒரே டப்பாவிலிருந்து அப்படியே கொட்டிப் பிரித்ததாம்.

ஐந்து ஐந்தாகச் சுட்டால் ஒரே குண்டு தன்னோடேயே இவ்வளவு வித்தியாசப்படும். ஒரு தடவை அளந்து முடிவெழுதினால் எத்தனை பையன்களின் ரெக்கார்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்!

அன்று இரவுதான் பேப்பர், பேனா எடுத்தேன். குண்டு விநாடிக்கு 170 மீட்டர் வாக்கில் போகிறது. பத்து மீட்டர் போக விநாடியில் நூற்றில் ஆறு பங்கு நேரம். அதற்குள் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கீழே இறங்கும், அதைக் குறிமுனை சரிக்கட்டிக்கொள்ளும். ஐந்து மில்லிகிராம் என்பது எடையில் ஒரு சதவீதம். அதனால் வருகிற வித்தியாசம் சுமார் 0.2 மில்லிமீட்டர். இலக்கில் ஒரு தசமப் புள்ளி 0.25 மில்லிமீட்டர். ஆக நான் மே மாதம் முழுக்க வேர்த்து வடிந்தது, கணக்கில் 0.1 கூடத் தேறாத சமாசாரத்துக்கு. அவளுடைய 8.9 நடுப்புள்ளியிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் தள்ளி விழுந்தது. அது ஈயத்தின் குற்றமில்லை. இந்தக் கணக்கைத் தராசு வாங்கும் முன்னால் பத்து நிமிடத்தில் போட்டிருக்கலாம்.

அபினவ் பிந்த்ராவைப் பற்றிச் சொல்வார்கள், எதையும் அளக்காமல் விடமாட்டார் என்று. தன் சுயசரிதைத் தலைப்பிலேயே இது ஒரு பித்துப் பயணம் என்று ஒத்துக்கொண்டவர். 2008 ஆகஸ்ட் 11-ஆம் தேதி பெய்ஜிங்கில் இறுதிச் சுற்றுக்கு முன் குறி பார்த்துச் சுட்டபோது, அவர் குண்டு நாலாம் வளையத்துப் பக்கம் போயிற்று. ரைபிளின் குறி எப்படியோ மாறியிருந்தது. இருந்த சில நிமிடத்தில் சரிசெய்துகொண்டு சுட்டார். கடைசிக் குண்டுக்கு முன்னால் ஃபின்லாந்துக்காரரோடு சமம், கடைசிக் குண்டு 10.8, தங்கம். அவ்வளவு அளந்தவருக்கும் அந்த நிமிடத்தில் அளவு கைகொடுக்கவில்லை. அவர் அளந்து பழகியதெல்லாம் வீண் என்று சொல்ல வரவில்லை. அவர் அளந்தது அவருக்காக. நான் அளந்ததை அல்லவா அந்தப் பிள்ளை சுமந்துகொண்டு நின்றது?

தராசைத் தெருக்கோடி நகைப் பட்டறைக்குப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டேன். பேத்தியிடம் ஒன்றும் விளக்கவில்லை. அடுத்த தடவை புது டப்பாவைப் பிரிக்காமல் அப்படியே அவள் கையில் கொடுத்தேன். "எடுக்கலையா தாத்தா?" என்றாள். "நசுங்கினதை மட்டும் நீயே பொறுக்கிப் போட்டுடு" என்றேன். நான் பெஞ்சில் பேப்பர் படிக்க ஆரம்பித்தேன். மூன்று மாதத்தில் ஊரடங்கு வந்து சுடுதளத்தையே மூடிவிட்டார்கள், அது வேறு கதை.

இப்போது கோவையில் இன்ஜினியரிங் படிக்கிறாள். பொங்கலுக்கு வந்தவளிடம் பிஸ்கட் டின்னைக் காட்டினேன். சீட்டுகளைப் படித்துச் சிரித்தாள். பதினோரு டப்பாவையும் ஒரே டப்பாவில் கொட்டிக் குலுக்கினாள். வருஷக்கணக்கில் கிடந்து ஈயம் வெளுத்திருந்தது. "பிராக்டிஸுக்குப் போதும் தாத்தா" என்று துணியில் தேய்த்து எடுத்துக்கொண்டு சுடுதளத்துக்குப் போனாள். இந்தத் தடவை வண்டியை ஓட்டியது அவள்.

வந்ததும் படியேறிக்கொண்டே, "597" என்றாள். "நடுவுல ஒரு 10.9."

அது எத்தனை மில்லிகிராம் என்று கேட்க வாய் வந்துவிட்டது. காபி ஆறிப்போகும் என்று சொல்லி உள்ளே போனேன்.