பனிக்கு முன் மூடிய தடாகம்

ரொறன்ரோ மாநகருக்கு வடக்கே மார்க்கம் என்றொரு நகர் உளது. எம்மவர் பலர் குடியேறி வாழும் இடம் அது. எமது பெரியம்மாவின் மகனாகிய அண்ணரின் இல்லமும் அங்கேயே. உறவினர் திருமணம் ஒன்றன் பொருட்டுச் சென்ற ஆண்டு புரட்டாதிக் கடைசியில் நாம் அங்கு போயிருந்தோம். மேப்பிள் மரங்கள் செந்நிறம் பூண்டு இலையுதிர்க்கும் காலம்.

வீட்டின் பின்வளவிலே வேலியடைத்த நீச்சல் தடாகம் ஒன்று. நீளம் 32 அடி, அகலம் 16 அடி. ஏறக்குறைய 80,000 லீற்றர் நீர் கொள்ளும். வைகாசியிற் திறந்தால் புரட்டாதிவரை நீந்தலாம். எஞ்சிய மாதங்களில் அதனைக் குளிரினின்றும் காத்தலே பெரும்பாடு.

“பிள்ளைகள் மூவரும் வேறு வீடு போய்விட்டார்கள். இனி இதனை மண்ணிட்டு மூடிப் பூக்கன்று வைத்தால் என்ன?” என்றார் மச்சாள். அண்ணர் மறுமொழி கூறவில்லை. மறுநாட் காலை, “தம்பி, கொஞ்சம் கைகொடும், தடாகத்தை மூடுவோம்” என்று எம்மை அழைத்தார்.

நீரை முற்றாக இறைத்துவிட்டால் தொல்லை தீருமே என நாம் எண்ணினோம். அது பெருந்தவறு என விளக்கினார் அண்ணர். நிலத்தடி நீரின் அழுத்தம் வெறுந்தடாகத்தை மேலெழுப்பிச் சிதைத்துவிடுமாம். ஆகவே நீர் உள்ளேயே இருத்தல் வேண்டும். சருகிழுக்கும் வாய்க்குக் கீழே செல்லுமளவு மட்டும் இறைத்தாற் போதும். இறைக்கும் நீரையும் தெருவோர மழைநீர்க் கானில் விடலாகாது. அக்கான் ஓடையிற் சேரும்; குளோரின் கலந்த நீர் மீன்களைக் கொல்லும்.

உண்மையான பகை குழாய்களுக்குள்ளே நிற்கும் நீரே. பெரும்பாலான பொருள்கள் குளிரிற் சுருங்குகின்றன. நீரோ உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு விரிகின்றது. மாணவர்க்கு நாம் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதும் பாடந்தான். தை மாத இரவுகளில் வெப்பநிலை −20 பாகை செல்சியஸ்வரை இறங்கும் அந்நாட்டில் அப்பாடம் பணச்செலவாக மாறுகின்றது. தடாகம் வாங்கிய முதலாண்டில், கூலிக்கு வந்தவர் ஒரு குழாயைக் கவனியாது சென்றாராம். இளவேனிலில் நீர் நிரப்பியபோது மட்டம் நாளும் இறங்கியது. சீமெந்துத் தரையை உடைத்துப் பார்த்தபோது குழாய் நெடுக வெடித்திருந்தது. அன்று தொட்டு இவ்வேலையை அண்ணர் தம் கையாலேயே செய்கின்றார்.

காற்றமுக்கும் பொறியைக் குழாய்த் தொகுதியிற் பூட்டி இயக்கினார். தடாகச் சுவரின் துளைகளில் நீர்க்குமிழிகள் கொப்பளித்தன. குமிழி வரும் நிலையிலேயே ஒவ்வொரு துளையையும் இறப்பர் அடைப்பானால் இறுக்குதல் வேண்டும். கையை நீரில் இட்டால் விரல் விறைத்தது. இரண்டு துளைகள் முடிந்தன. மூன்றாவதிற் குமிழியே இல்லை. “அண்ணை, இதில் காற்று வரவில்லை” என்றோம். அவர் முகம் மாறியது. ஓடிச் சென்று பார்த்தார். அக்குழாயின் அடைப்பிதழ் பூட்டியபடியே இருந்தது. திறந்ததும் தேங்கிய நீர் சீறி வெளிவந்தது. அதனை விட்டிருந்தால் மீண்டும் தரையை உடைக்க நேர்ந்திருக்கும்.

பின்னர் பம்பியையும் வடிகட்டியையும் வடித்து, சருகிழுக்கும் வாயில் நஞ்சற்ற உறைதடுப்பு நீர்மம் ஊற்றி, பாசி படராதிருக்க மருந்திட்டு, பச்சை வலைவிரிப்பைத் தரையிற் பதித்த பித்தளை முளைகளில் இழுத்துக் கட்டினோம். பழைய பிளாஸ்ரிக் விரிப்புகளின்மேல் மழைநீர் தேங்கும். அது சிறு பிள்ளைகளுக்கு ஆபத்து. இவ்வலை நீரைக் கீழே விட்டு, தவறி விழுபவரைத் தாங்கும்.

வேலை முடிந்து தேநீர் அருந்துகையில் அண்ணர் மெல்லக் கூறினார்: “தம்பி, 1990இல் ஊரைவிட்டு எழும்பினபோது எங்கள் கிணற்றை மூட நேரம் இருந்ததா?”

இருக்கவில்லை. கீரிமலைக்கு அணித்தான ஊர் எமது. கடலோரத்து நன்னீர்க் கேணியில் எமக்கு நீச்சல் பழக்கியவர் இவ்வண்ணரே. பல்லாண்டுகளின்பின் நாம் காணிக்குப் போனபோது கிணறு கல்லும் மண்ணுமாய்த் தூர்ந்து கிடந்தது. அச்செய்தியை அவருக்குத் தொலைபேசியிற் சொன்னவரும் நாமே. அதனை அருகிருந்து கேட்ட மச்சாள், பூக்கன்றுப் பேச்சை அதன்பின் எடுக்கவில்லை.

வைகாசியில் அண்ணரிடமிருந்து செய்தி வந்தது. குழாய் ஒன்றும் வெடிக்கவில்லை. மூத்த மகளின் குழந்தை முதன்முறையாகத் தடாகத்தில் இறங்கியதாம். தண்ணீர் குளிர்கிறது என்று அழுததாம். கீரிமலையில் நாமும் முதல்நாள் அழுதவர்களே.