பசியைப் பகைக்கும் பிணி

நெல் விளையும் மன்னார்குடி மண்ணில் விருந்தோம்பல் நமக்குப் பிறவிக் குணம். ஆயினும், உண்ண மறுக்கும் பிள்ளையின் துயரோ நம்மில் பலருக்கு இன்னும் புதிர்.

எம் உறவில் பதினாறு வயதுப் பெண்ணொருத்தி. ரமலான் முடிந்த பின்னும் அவள் உணவைக் குறைத்துக்கொண்டே போனாள். ‘பேணுதல்’ என மெச்சினர் சிலர்; ‘பிடிவாதம்’ எனக் கடிந்தனர் சிலர். அவள் மயங்கி விழுந்த பின்னரே, அது நோய் என்பது மருத்துவர் வாயிலாகத் தெரிய வந்தது.

1873இல் லண்டன் மருத்துவர் வில்லியம் கல், ‘அனோரெக்சியா நெர்வோசா’ எனப் பெயரிட்ட நோய் அது. உடல் பருத்துவிடுமோ என்னும் அச்சம் உள்ளத்தைப் பற்றிக்கொள்ளும், எலும்பு நலியும், இதயத் துடிப்புத் தடுமாறும், உயிரும் போகலாம். மனநல மருத்துவரும் உணவியல் வல்லுநரும் குடும்பத்தாரும் பல மாதங்கள் ஒருங்கே உழைத்தால் மீட்சி உண்டு.

அத்தனை மாதங்களைத் தாங்கும் வசதி எத்தனை வீடுகளில் உண்டு? வாரந்தோறும் நகரப் பயணம், மருத்துவக் கட்டணம், தந்தையின் கூலியிழப்பு! அப்பெண்ணின் சிகிச்சையும் பணமின்றிப் பாதியில் நின்றது.

2018 முதல் நடைமுறையிலுள்ள 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்கு ஈடாக மனநோய்க்கும் காப்பீடு வழங்கப் பணிக்கிறது. 14416 என்னும் தொலைபேசி எண்ணில் அரசின் இலவச மனநல ஆலோசனையும் கிடைக்கிறது. ஆனால், ஆலோசனை மட்டும் போதாது. மன்னார்குடி அரசு மருத்துவமனையிலேயே மனநல மருத்துவரும் உணவியல் வல்லுநரும் சேர்ந்து, வாரம் ஒரு நாளேனும் இந்நோயாளிகளைக் கவனிக்க வேண்டுகிறோம்.

ஜமாஅத்தினரே! பைத்துல்மாலிலிருந்து இக்குடும்பங்களின் வழிச்செலவை ஏற்பீர்! ஆலிம் பெருமக்களே! நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டென்பதை மிம்பரில் எடுத்துரைப்பீர்! இறைவன் தந்த சலுகையை ஏற்பதும் பேணுதலே.