கண்ணாடித் தொட்டியின் விலை

சென்னையின் வடமேற்கே அமைந்துள்ள கொளத்தூர், வண்ணமீன் வணிகத்தால் பெயர்பெற்ற பகுதி. அங்குள்ள சில தெருக்களில் கடைதோறும் கண்ணாடித் தொட்டிகள் அடுக்கடுக்காக ஒளிர்கின்றன. கப்பி, மோலி, பிளாட்டி, ஏஞ்சல், ஃபைட்டர், தங்கமீன் என மீன்களின் பெயர்களே ஒரு தனி அகராதியாகும். நெகிழிப் பையில் மூன்றில் ஒரு பங்கு நீரை நிரப்பி, எஞ்சிய இடத்தில் ஆக்சிஜனை ஏற்றி, ரப்பர் வளையத்தால் வாயை இறுகக் கட்டும் கைகள் அங்கே ஓய்வதில்லை. கொளத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களிலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் சிமெண்டுத் தொட்டிகளில் மீன்களைப் பெருக்கும் குடும்பங்கள் பல. அவர்களுடைய உழைப்பின் இறுதிப் படியே கடைத் தொட்டியில் நீந்தும் மீன்.

இன்று அந்தக் கடைகளுக்கு ஒரு புதிய போட்டி தோன்றியுள்ளது. அதற்குத் தெருவும் இல்லை, திண்ணையும் இல்லை. கைப்பேசித் திரையில் விரலால் தொட்டால் தொட்டியும் மீனும் வீடு தேடி வருகின்றன. எங்கே வாங்குவது மலிவு என்னும் வினா இதனால் எழுகிறது. எளிய வினாவாகத் தோன்றினாலும், விலை என்பது எதற்குத் தரப்படுகிறது என்னும் ஆழமான வினா அதனுள் அடங்கியுள்ளது.

அழகுக்காக மீன் வளர்த்தல்

அழகுக்காக மீன் வளர்க்கும் வழக்கம் பழைமையானது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சீனர்கள் குளங்களில் தங்கமீன்களைப் பேணி வளர்த்தனர். கண்ணாடிச் சுவருக்குள் நீருலகைக் காணும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவியது. 1853ஆம் ஆண்டு இலண்டன் விலங்கியல் பூங்காவில் பொதுமக்களுக்கான மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி கோஸ் எழுதிய நூல், ‘அக்வேரியம்’ என்ற சொல்லைப் பரவலாக்கியது. சென்னை மெரினா கடற்கரையில் 1909ஆம் ஆண்டிலேயே மீன்காட்சியகம் ஒன்று அமைந்தது. ஒரு காலத்தில் செல்வர் மாளிகைகளிலும் காட்சியகங்களிலும் மட்டுமே இருந்த கண்ணாடித் தொட்டி, இன்று நடுத்தரக் குடும்பத்தின் வரவேற்பறையில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு அருகில் இடம்பிடித்துள்ளது.

குறிப்பேட்டில் ஒரு கணக்கு

வில்லிவாக்கத்தில் வாழும் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, சிறுகச் சிறுகச் சேர்த்த இரண்டாயிரம் ரூபாயில் மீன்தொட்டி வாங்க விரும்பினாள். கணிதத்தில் ஆர்வம் மிக்கவளாதலால், வாங்குவதற்கு முன் குறிப்பேட்டில் இரு பத்திகள் வரைந்தாள். ஒன்றில் கடை விலையையும் மற்றொன்றில் இணைய விலையையும் எழுதினாள்.

இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உடைய தொட்டி, கடையில் 700 ரூபாய். இணையத்தில் 1,250 ரூபாய். வடிகட்டி, கடையில் 450, இணையத்தில் 330. ஐந்து கிலோ கூழாங்கற்கள், கடையில் 100, இணையத்தில் 250. மீன் உணவு, கடையில் 50, இணையத்தில் 45. பத்துப் பிளாட்டி மீன்கள், கடையில் 200, இணையத்தில் 180, ஆனால் அவற்றை அனுப்பும் கட்டணம் தனியே 150. கூட்டிப் பார்த்தபோது கடைக்கணக்கு 1,500 ரூபாயாகவும் இணையக்கணக்கு 2,205 ரூபாயாகவும் நின்றன.

இக்கணக்கு அந்த ஒரு நாளுக்கும் அவள் பார்த்த கடைக்கும் தளங்களுக்கும் மட்டுமே உரியது. ஆயினும் அதனுள் ஒரு பொது உண்மை உண்டு. ஐந்து மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடியால் செய்யப்பட்ட அந்தத் தொட்டியின் எடை ஏறத்தாழ 9 கிலோ. எடையும் மிகுதி, உடையும் இயல்பும் மிகுதி. அதைப் பொதிந்து நெடுந்தொலைவு அனுப்பும் செலவு, பொருளின் விலையோடு போட்டியிடுகிறது. கல்லும் அவ்வாறே. எனவே கனமானவையும் உடையக்கூடியவையும் உயிருள்ளவையும் அருகிலுள்ள கடையில் மலிவாகக் கிடைக்கின்றன. வடிகட்டியும் மருந்தும் விளக்கும் போன்று சிறியனவாய், ஆலையில் பெருமளவில் செய்யப்படுவனவாய் உள்ள பொருள்கள் இணையத்தில் மலிவாகின்றன.

வடிகட்டியில் இருந்த 120 ரூபாய் வேறுபாடு அவள் கண்ணை உறுத்தியது. வடிகட்டியையும் உணவையும் மட்டும் இணையத்தில் வாங்கினால், அனுப்பும் கட்டணம் 40 ரூபாய் போக 85 ரூபாய் மிஞ்சும். மாணவி ஒருத்திக்கு 85 ரூபாய் சிறு தொகையன்று.

கடைக்காரர் விற்க மறுத்தது

அவள் கொளத்தூர்க் கடைக்குச் சென்று தொட்டியையும் பத்து மீன்களையும் கேட்டாள். கடைக்காரர் மீன் தர மறுத்தார்.

“இன்னிக்குத் தொட்டியை மட்டும் எடுத்துட்டுப் போ மா. தண்ணி ஊத்தி ஃபில்டரை ஓடவிடு. மூணு வாரம் கழிச்சு வா, நாலு மீன் தரேன்.”

“இன்னிக்கே விட்டா என்ன ஆகும் அண்ணா?”

“பத்துல நாலு தங்கினா பெரிசு.”

அவர் கூறியதன் பின்னே ஓர் அறிவியல் உண்மை உள்ளது. மீனின் கழிவிலிருந்தும் உண்ணாமல் எஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஒருவகைப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே. வேறுவகைப் பாக்டீரியாக்கள் அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் போதிய அளவில் இருப்பதில்லை. அவை பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகக்கூடும். பளிங்குபோல் தெளிந்த புதுநீர் மீனைக் கொல்வதும், கலங்கலாகத் தோன்றும் பழைய தொட்டி மீனை வாழ்விப்பதும் இதனால்தான்.

கடைக்காரர் மற்றொன்றும் செய்தார். நெடுநாளாக ஓடிக்கொண்டிருந்த தம் தொட்டியின் வடிகட்டியிலிருந்து பழுப்பேறிய பஞ்சுத் துண்டு ஒன்றைக் கிள்ளி, அத்தொட்டி நீரோடு ஒரு பையில் கட்டி அவளிடம் கொடுத்தார். “காயவிடாம இதை உன் ஃபில்டர்ல வை. சீக்கிரம் தயாராயிடும்” என்றார். குழாய்நீரில் குளோரின் இருக்குமாதலால் ஒரு நாள் திறந்துவைத்த பின்பே பயன்படுத்த வேண்டும் என்றும் கூறினார். அவள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுநீர் உப்புத்தன்மை மிக்கது என்பதைக் கேட்டறிந்து, மென்னீரை விரும்பும் நியான் டெட்ராவை ஒதுக்கி, கடினநீரில் நன்கு வாழும் பிளாட்டியையே பரிந்துரைத்தார். பஞ்சுத் துண்டிற்கும் அறிவுரைக்கும் அவர் பணம் கேட்கவில்லை. அவளுடைய குறிப்பேட்டின் இரு பத்திகளில் எதிலும் அவற்றுக்கு இடமில்லை.

விலைக்குள் அடங்கியவை

கடை விலை ஏன் சில பொருள்களில் கூடுகிறது? கடைக்கு வாடகை உண்டு. காற்றேற்றும் மோட்டார்கள் இரவும் பகலும் ஓட வேண்டும். நள்ளிரவில் மின்சாரம் நின்றால் கடைக்காரரின் உறக்கமும் நிற்கும். விற்கும்வரை மீனுக்கு உணவிட வேண்டும். இறக்கும் மீன்களின் இழப்பை வாழும் மீன்களின் விலையே ஈடுசெய்ய வேண்டும். அவர் பத்து வடிகட்டிகள் வாங்கும் இடத்தில் பெரிய இணைய விற்பனையாளர் பல்லாயிரம் வாங்குகிறார். மாணவி கைப்பேசியில் இருந்த விலையைக் காட்டியபோது, “அந்த விலைக்கு எனக்கே கிடைக்காது மா” என்று அவர் சொன்னது, வணிக உத்தியாக மட்டும் இருக்க வேண்டியதில்லை, உண்மையாகவும் இருக்கலாம்.

இணைய விலைக்குள்ளும் கிடங்கு, பொதிவு, போக்குவரத்து, விளம்பரம், தளத்திற்குரிய பங்கு ஆகியவை உள்ளன. கொள்முதலின் பெருமளவு அவற்றைச் சுருக்குகிறது. சில வேளைகளில், உயர்த்திக் காட்டப்பட்ட விலையின்மீது தள்ளுபடி எழுதப்பட்டு மலிவென்னும் மயக்கமும் உண்டாக்கப்படுகிறது. உயிருள்ள மீனை அனுப்புவதோ தனிக்கலை. கழிவைக் குறைப்பதற்காக மீனை ஒரு நாள் பட்டினியிட்டு, பையில் ஆக்சிஜன் நிரப்பி, வெப்பம் தாக்காதபடி பெட்டியில் அடைத்து அனுப்புகின்றனர். பொறுப்புள்ள விற்பனையாளர்கள் இதனைச் செம்மையாகச் செய்கின்றனர். எனினும் மீன் இறந்து வந்தால், பையைப் பிரிக்காமலே காணொலி எடுத்து அனுப்ப வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளும் உண்டு. பணம் திரும்பக் கிடைத்தாலும் உயிர் திரும்புவதில்லை.

இரு பக்கமும் உள்ள நேர்மை

இதனால் கடையெல்லாம் நல்லது, இணையமெல்லாம் தீயது என முடிவுகட்டல் பொருந்தாது. தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் விற்றுவிட்டு, மீன் இறந்தால் மறுபடி வாங்க வருவர் என எதிர்பார்க்கும் கடைகளும் உள்ளன. தங்கமீனை உருண்டைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்து, அது போதும் எனக் கூறி விற்பவர்களும் உள்ளனர். விலைச்சீட்டும் ரசீதும் இன்றி ஆளைப் பார்த்து விலை சொல்வதும் நடைபெறுகிறது. கொளத்தூரின் அண்மை வாய்க்காத சிற்றூர் மாணவனுக்கு நல்ல மருந்தோ அம்மோனியாவை அளக்கும் சோதனைப்பெட்டியோ இணையவழியாகவே கிடைக்கின்றது. அவனுக்கு இணையம் மலிவு தேடும் வழியன்று. இருக்கும் ஒரே வழி.

வாங்குவோருக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதன்கீழ் 2020இல் வகுக்கப்பட்ட மின்னணு வணிக விதிகளும் இணைய வணிகத்தை நெறிப்படுத்துகின்றன. விற்பவர் யார், பொருள் எந்த நாட்டில் செய்யப்பட்டது, திருப்பியளிக்கும் முறை யாது என்பவற்றை வாங்குவோர் அறியத் தர வேண்டும். 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் குறைகளைத் தெரிவிக்கலாம். தெருவில் உள்ள கடையாயினும் ரசீது கேட்டுப் பெறுவது நுகர்வோரின் உரிமை.

உரிமையோடு கடமையும் உண்டு. ஒருவரின் கடையில் அரைமணி நேரம் நின்று, அவர்தம் பட்டறிவைக் கேட்டு அறிந்து, வாசலைத் தாண்டியதும் அதே பொருளை வேறிடத்தில் வாங்குவதைச் சட்டம் தடுக்காது. ஆனால் எல்லாரும் அவ்வாறே செய்தால், கேட்பதற்கு ஒருவர் அங்கே இருக்கமாட்டார். அன்று அந்த மாணவி வடிகட்டியைக் கடையிலேயே வாங்கினாள். நன்றியுணர்வு ஒரு காரணம். பழுதானால் மறுநாளே கொண்டுவந்து காட்டலாம் என்னும் உறுதி மற்றொரு காரணம். கடையில் இல்லாத சோதனைப்பெட்டியை இணையத்தில் வாங்கினாள். மூன்று வாரங்களில் அவள் அம்மோனியாவின் அளவை நாள்தோறும் குறித்துவைத்தாள். குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தில் ரூபாய்க்குறி இல்லை.

கணக்கில் வராத விலை

ஒரு விலையை வாங்குபவரும் விற்பவரும் தருவதில்லை, நீர்நிலைகள் தருகின்றன. தொட்டியின் பாசியை உண்ணும் என்பதால் ‘டேங்க் கிளீனர்’ என்ற பெயரில் சிறு குஞ்சாக விற்கப்படும் மீன் ஒன்று உண்டு. தென்னமெரிக்காவைச் சேர்ந்த அந்த மீன் ஓரடிக்கும் மேல் வளரக்கூடியது. தொட்டி கொள்ளாமல் போகும்போது, இரக்கத்தால் அதை ஏரியில் விடுபவர்கள் உள்ளனர். முட்களும் கடினத் தட்டுகளும் உடைய அது, இன்று தமிழகத்தின் நீர்நிலைகளிலும் பெருகி, உள்நாட்டு மீன்களின் இடத்தைப் பறித்து, மீனவர்களின் வலைகளைக் கிழிக்கிறது. மிகக் குறைந்த விலைக்கு வாங்கிய குஞ்சின் முழு விலையை, அதை வாங்காத மீனவர் செலுத்துகிறார். ‘இது எவ்வளவு பெரிதாக வளரும்?’ என்னும் வினாவைக் கடையிலும் கேட்க வேண்டும். திரையின்முன் தமக்குள்ளும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விலைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது குற்றமன்று; அது சிக்கனத்தின் தொடக்கம். ஆனால் ஒப்பீடு முழுமையாக இருத்தல் வேண்டும். பொருளின் தொகை ஒரு பத்தி. அது வந்துசேரும் செலவு மற்றொரு பத்தி. பழுதானால் யாரிடம் செல்வது என்பது இன்னொரு பத்தி. உயிருள்ளதை வாங்கும்போது, அது எத்தனை நாள் வாழும் என்னும் பத்தியையும் வரைந்துகொள்ள வேண்டும். இருபது ரூபாய் மீன் நான்காம் நாள் இறந்தால் அதன் விலை நாளொன்றுக்கு ஐந்து ரூபாய். அதே மீன் இரண்டாண்டுகள் நீந்தினால், அதன் விலை நாளொன்றுக்கு மூன்று காசைத் தாண்டாது.